பிஸ்கட் டப்பாவைக் குலுக்கிய கைகளுக்கு

என் பெயர் ரெக்ஸன் டாபி. வயது இருபத்திரண்டு. வனுவாட்டுவின் பெந்தெகோஸ்ட் தீவிலிருந்து தக்காளி பறிக்க வந்து, குவீன்ஸ்லாந்தின் கில்பின் க்ரீக்கில் தொழிலாளர் விடுதியில் இருக்கிறேன். தக்காளிச் செடியின் கறை விரலில் ஒட்டியிருந்தால் போன் சொன்னபடி கேட்காது. ஆகவே இதை வாயால் சொல்லியே எழுதுகிறேன். தீவில் இருக்கும் அம்மாவுக்கும் தங்கைக்கும் இதையே அனுப்பப் போகிறேன். ஊர்மன்றத் தொண்டர்கள் இத்தனை பேர் இருக்க, விடைபெறும் விழாவில் படிக்க இந்த வாழ்த்து மடலை எழுதும் பொறுப்பை என்னிடம் கொடுத்துவிட்டார்கள். முறை தவறி ஏதாவது சொல்லிவிடுவேனோ என்று பயமாகத்தான் இருக்கிறது. தவறினால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

தேநீர் ஊற்ற வந்து தீர்ப்பை மாற்றியவரே! தகர டப்பா ஒன்றைத் தராசாக்கிய தாயே! கடல் கடத்திக் கரும்பு வெட்டக் கொண்டுவரப்பட்டவர்களின் கொள்ளுப்பேத்தியே! கலகலவென்று சிரித்தபடியே கணக்குத் தீர்ப்பவரே! எங்கள் மெர்ல் சாண்டோ ஆன்ட்டியே! முப்பத்தோர் ஆண்டுத் தொண்டிலிருந்து இன்று நீங்கள் விடைபெறுகிறீர்கள். வாழ்த்துவதற்கு முன்னால் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன்: வரும் வியாழக்கிழமைப் பொதுக்கூட்டத்தில், உங்கள் டப்பா இருக்குமா, போகுமா என்று ஓட்டெடுப்பு. அது எல்லோர் மனதிலும் இருக்கும்போது, அது இல்லாதது போல் என்னால் பாராட்டிக்கொண்டிருக்க முடியவில்லை.

அந்த டப்பா எப்படி வந்தது என்பதை நான் பார்த்ததில்லை. மன்றத்துச் சமையலறையில் பாத்திரம் தேய்த்தபடி எல்லோரும் சொல்லக் கேட்டதுதான். அந்தக் காலத்தில் அறுவடை விழாவின் கலைநிகழ்ச்சியில் யார் எப்போது ஆடுவது, யார் எங்கே உடை மாற்றுவது என்பதை விழாக் குழு முடிவு செய்யும். விளக்கொளியில் கடைசி நிகழ்ச்சி என்றைக்கும் நாடக சபைக்கு. கண்ணாடி வைத்த அறையும் அவர்களுக்கே. உங்கள் அம்மாவின் தீவு நடனக் குழுவுக்கு உச்சி வெயில். உடை மாற்றத் தண்ணீர்த் தொட்டியின் பின்புறம். யாரும் கெட்டவர்கள் இல்லை. வழக்கம் அப்படி.

முதல் ஆண்டு நீங்கள் தேநீர் ஊற்றத்தான் வந்தீர்கள். கூட்டத்தின் நடுவே பிஸ்கட்டையெல்லாம் தட்டில் கொட்டினீர்கள்.

"பிஸ்கட்ட நீங்க எடுத்துக்கோங்க. டப்பாவ எனக்குக் குடுங்க."

"எதுக்கு மெர்ல்?"

"எல்லாக் குழு பேரும் இதுல போடுவோம். நேரமும் அறையும் குலுக்கல்ல வரட்டும். என்ன, பயமா இருக்கா?"

பயம் என்று யார் ஒப்புக்கொள்வார்கள்? குலுக்கினார்கள். முதல் குலுக்கலிலேயே உங்கள் குழுவுக்கு வந்தது என்ன? அதே உச்சி வெயில், அதே தொட்டி! அறையே அதிரச் சிரித்தார்களாம். நீங்களும் சிரித்தீர்களாம். "சரிதான், இந்தத் தடவ அதிர்ஷ்டம் இல்ல. போன தடவ வரைக்கும் அதிர்ஷ்டத்துக்கே வழி இல்ல, அதுதான் வித்தியாசம்" என்று சொல்லிவிட்டுத் தொட்டிக்குப் பின்னால் போனீர்களாம்.

மூன்றாம் ஆண்டில் தொட்டி நாடக சபைக்கு விழுந்தது. நாடக சபைத் தலைவர் கிரஹாம், முன்வரிசையில் உட்கார்ந்து தரையைப் பார்க்கிறீர்களே, உங்களைத்தான் சொல்கிறேன். ராணி வேடத்துப் பொய்முடிக்குள் பச்சைத் தவளை புகுந்த கதையை நீங்களே எங்களுக்கு நடித்துக் காட்டியிருக்கிறீர்கள். அடுத்த மாதமே நாடக சபை பலகை கொண்டுவந்தது, பேண்டு வாத்தியக்காரர்கள் தகரம் போட்டார்கள், பிலிப்பினோ அக்காமார் வண்ணம் பூசினார்கள். தொட்டிக்குப் பின்னால் கண்ணாடியும் விளக்கும் வைத்த நல்ல அறை எழுந்தது. அத்தனை ஆண்டு மனு கொடுத்தும் வராத அறை, யாருக்கு வேண்டுமானாலும் அந்த இடம் விழலாம் என்றானதும் ஒரே மாதத்தில் வந்தது. ஆன்ட்டி, நான் இந்த நாட்டில் கற்றதிலேயே பெரிய பாடம் இதுதான்.

போன ஆண்டு எங்கள் கதை. விடுதிப் பையன்கள் சேர்ந்து நடத்தும் கிதார்க் குழு எங்களுடையது. பெயரைப் போடலாமா என்று கேட்டபோது விழாக் குழுவில் ஒருவர் மறுத்தார்.

"ஊருல இருக்கறவங்க பேருதான் டப்பாவுல போடணும்."

"தக்காளி பறிக்கறப்ப மட்டும் அவங்க எந்த ஊருல இருக்காங்களாம்?" என்று கேட்டு, நீங்களே எங்கள் சீட்டை மடித்துப் போட்டீர்கள். வந்தது கடைசி நிகழ்ச்சி! விளக்கொளி! அன்றிரவு விடுதியில் ஒருவருக்கும் தூக்கமில்லை.

ஆனால் எங்கள் குழுத் தலைவர் மோசஸ் அங்கிளுக்கு மனசு உறுத்தியது. வந்த இடத்தில் முதல் ஆண்டே பெரிய இடத்தில் உட்காரலாமா? எங்களில் ஒருவரும் தடுக்கவில்லை. தம் அம்மா கொடுத்தனுப்பிய, எங்கள் தீவில் மரியாதைக்குத் தரும் பாயை எடுத்துக்கொண்டு கிரஹாம் வீட்டுக்குப் போய், பாயையும் கடைசி நிகழ்ச்சியையும் மரியாதையாகக் கொடுத்துவிட்டு வந்தார். கிரஹாமுக்குக் கண்ணே கலங்கிவிட்டது. எல்லோருக்கும் மகிழ்ச்சி. உங்களைத் தவிர.

"மோசஸ், யாரைக் கேட்டுக் குடுத்தே?"

"மரியாதைக்குத்தான் ஆன்ட்டி..."

"பாய் உன்னுது. தாராளமாக் குடு. நேரம் டப்பாவோடது. வேண்டாம்னா டப்பாவுல திருப்பிப் போடு, கையிலேர்ந்து கைக்கு மாத்தக் கூடாது. மரியாதை மரியாதைன்னு விட்டுக் குடுத்தே எங்கம்மா ஆயுசு முழுக்கத் தொட்டிக்குப் பின்னாடி நின்னாங்கடா."

மறுபடி எல்லாக் குழுவுக்கும் குலுக்கல். எங்களுக்கு உச்சி வெயில் விழுந்தது. கடைசி நிகழ்ச்சி பாலே பள்ளிக் குழந்தைகளுக்கு! உங்கள் குழுவுக்கு மாலை ஆறு மணி. கேட்காமலே அதை எங்களுக்கு மாற்றித் தருவீர்கள் என்று நினைத்தோம். தரவில்லை. உண்மையைச் சொல்கிறேன், அன்றைக்கு உங்கள்மேல் எங்களுக்குக் கோபம்.

விழா நாளன்று வெறும் நாற்காலிகளைப் பார்த்துப் பாட ஆரம்பித்தோம். முதல் பாட்டின் பாதியில் சமையலறைக் கதவு திறந்தது. தோளில் பாத்திரம் துடைக்கும் துணியோடு நீங்கள் வந்து, அந்த வெயிலில் தனியாக ஆடினீர்கள். பிறகு சமையலறையே வந்தது. கிரஹாம் அந்தப் பாயைப் புல்லில் விரித்து உட்கார்ந்தார். மூன்றாம் பாட்டில் மைதானத்தில் நிற்க இடமில்லை. மோசஸ் அங்கிள் அழுதுகொண்டே பாடினார்; சுருதி போனது, யாரும் கவலைப்படவில்லை. அன்றிரவு விளக்கொளியில் நட்சத்திர வேடமிட்ட பாலே குழந்தை ஒன்று மேடையிலேயே தூங்கிவிட, ஊரே மூச்சடக்கிச் சிரித்ததையும் மறக்க முடியாது. அதைத்தான் இப்போது, கடைசி நிகழ்ச்சி கெட்டுப்போனது, டப்பாவை ஒழிக்கலாம் என்று சிலர் பேசுகிறார்கள்.

இந்த மடலில் உங்களுக்காக ஓட்டுக் கேட்கலாமா என்று நேற்று கேட்டேன். காய்ந்த கோப்பைகளை அடுக்கியபடியே சொன்னீர்கள்: "எனக்காகன்னு நீ கேட்டேன்னா மடலக் கிழிச்சுருவேன். நான் போறேன். தொட்டிப் பக்கம் நாளைக்கு யார் நிக்கப்போறாங்களோ, அவங்களுக்குக் கேளு."

அப்படியே செய்கிறேன்.

அன்புக்குரியவரே! முழங்கால் வலி உங்களை விட்டு விலகட்டும்! உங்கள் வராந்தாவில் காற்றும், உங்கள் மாமரத்தில் காயும், உங்கள் வீட்டில் பேரப்பிள்ளைகளின் இரைச்சலும் குறையாதிருக்கட்டும்! இனி வரும் விழாக்களில் யாரோ ஊற்றிய தேநீரை நீங்கள் உட்கார்ந்து குடிக்க, நூறு வயதிலும் நல்ல பாட்டுக்கு எழுந்து ஆட, வாழ்த்துகிறோம்!

இங்ஙனம்,
கில்பின் க்ரீக் ஊர்மன்றத் தொண்டர்கள் அனைவரும்.

கண்ணாடிச் சட்டம் போட்டு மன்ற வாசலில் மாட்டப்போகும் இந்த மடலைப் படிக்கிறவருக்கு: இரண்டு ஆண்டு தொடர்ந்து இங்கே வசித்தவருக்குத்தான் ஓட்டு. நாங்கள் ஒன்பது மாதத்துக்கு வருவோம், போவோம், எங்களுக்கு இல்லை. உங்களுக்கு இருக்கிறது. வியாழக்கிழமை மாலை ஏழு மணிக்குத் தயவுசெய்து வாருங்கள். டப்பா வேண்டும் என்று கை தூக்குங்கள்.