ஜன்னல் கொக்கி

அவள்: …விடுங்க, அந்த ஜன்னல் எங்கயும் ஓடிடாது. வந்ததும் வராததுமா எண்ணெய்க் கிண்ணத்தோட நிக்கிறீங்க.

வந்தவர்: கொக்கி இறுகிக் கிடக்கு.

அவள்: ஒன்பது வருஷமா அப்படித்தான் கிடக்கு. உக்காருங்க, டீ ஆறுது… ஏன் கண்ணை மூடிக்கிறீங்க?

வந்தவர்: மூடினாத்தான் எது எங்கன்னு தெரியுது. சர்க்கரை… மேல் தட்டு, நீல டப்பா.

அவள்: அட! டப்பா நிறம் ஞாபகமிருக்கு. என் பிறந்தநாள் மட்டும் மறந்துபோகும்.

வந்தவர்: ஜெயிலுக்குள்ள வேற என்ன வேலை? தினமும் இந்த வீட்டைத்தான் சுத்திச் சுத்தி வந்தோம்… வந்தேன்.

அவள்: ம்… ஆளு சுருங்கிட்டீங்க.

வந்தவர்: உள்ள எல்லாமே சுருங்கும்.

அவள்: நாட்டை ஆள்ற ராணுவத் தளபதி படத்தைப் பத்திரிகையில தலைகீழா அச்சடிச்சப்போ அது தெரியலையாக்கும்.

வந்தவர்: நேரா அடிச்சாலும் அந்த மூஞ்சி அப்படித்தான் இருக்கும்.

அவள்: பட்டாளத்துக்காரங்க கூட்டிட்டுப் போன அன்னைக்கும் இதேதான் சொன்னீங்க. ஒரு வார்த்தை மாறல.

வந்தவர்: டீக்கு இன்னும் கொஞ்சம் சர்க்கரை போட்டுக்கறேன்.

அவள்: உங்க அறையில இன்னொருத்தர் இருந்தாராமே?

வந்தவர்: இருந்தான். மழைக்காலத்துல… போயிட்டான். நெஞ்சுச் சளி. மருந்து தரல.

அவள்: ரொம்பக் கஷ்டப்பட்டாரா?

வந்தவர்: இல்ல. தூக்கத்துல. கை என் கையிலதான் இருந்துச்சு.

அவள்: கடைசியா ஏதாவது…

வந்தவர்: ‘கொக்கிக்கு எண்ணெய் விடணும்’னான்.

அவள்: …யார் வீட்டுக் கொக்கிக்கு?

வந்தவர்: அவன் வீட்டுக்குத்தான். டீ நல்லாருக்கு.

அவள்: விடுதலைன்னு உங்க பேரைக் கூப்பிட்டப்போ எப்படி இருந்துச்சு?

வந்தவர்: யாரையோ கூப்பிடற மாதிரி. அங்க யாரும் ஆளைப் பாக்கறதில்ல, செத்தது யாருன்னும் பாக்கல. கதவு ஓட்டைல பேரைச் சொல்வாங்க, குரல் வந்தா போதும். ரெண்டாவது தடவை கூப்பிட்டப்போ… குரல் கொடுத்தேன்.

அவள்: கீழ ஜெயில் ஜீப் வந்து நிக்குது.

வந்தவர்: வீட்டாள் ஒருத்தர் ‘இவர்தான்’னு சொல்லணுமாம். அவ்வளவுதான்.

அவள்: சொல்லலைன்னா?

வந்தவர்: திரும்ப உள்ளதான். அப்புறம் வெளிய வர்ற பேச்சே இல்ல.

அவள்: சொல்றேன், பயப்படாதீங்க. அதுக்கு முன்னாடி ஒண்ணு. என் வீட்டுக்காரர் நெட்டக்கொக்கு. இந்தச் சமையலறை நிலையில எத்தனை தடவை இடிச்சுக்கிட்டிருப்பார்! உங்க தலைக்கு மேல ஒரு சாண் இடம் இருக்கு. காலையில உள்ள வரும்போது… ஏன் குனிஞ்சீங்க?

வந்தவர்: ஜெயில்ல தினமும் கண்ணை மூடச் சொல்லி அவர்தானே என்னை இந்த வீட்டுக்குள்ள கூட்டிட்டு வருவார், அண்ணி. ‘தலை… தலை’ன்னு சொல்லிக்கிட்டே.