கஞ்சியில் கலந்தது

– கஞ்சியில என்னத்தக் கலந்தீக? கேக்குறேன்ல. காளிதாஸுன்னு பேரச் சொல்லிக் கூப்புட்டாத்தான் வாய் தொறக்குமா?

– கத்தாத கோகிலா. கீமோ போட்ட ஒடம்பு.

– என் ஒடம்பப் பத்தி நீங்க பேசாதீக. அரிசி டிரம்முக்குள்ள இந்தப் பொட்டலம் எப்படி வந்துச்சு? எழுத்தெல்லாம் பூச்சி பூச்சியா இருக்கு.

– சீன மருந்து. ஒங்கண்ணன் பாண்டித்துரை சிங்கப்பூர்லருந்து குடுத்துவிட்டாரு. அவுக மொதலாளி சம்சாரத்துக்கும் இதே மாதிரி மார்லதான் கட்டியாம். ஆஸ்பத்திரி ஊசியும் போட்டுக்கிட்டு, கூட இந்தப் பொடியவும் குடிச்சு, இப்ப எந்திரிச்சு நடமாடுதாம்.

– என்கிட்ட ஏன் சொல்லல?

– சொன்னா குடிப்பியா நீ? பச்சத்தண்ணியக் குடிச்சாலும் வாந்தி. பாத்துக்கிட்டு சும்மா இருக்கச் சொல்றியா? இதக் கலந்த பெறகுதான் நாலு வாய் உள்ள எறங்குச்சு. அது பொய்யா?

– எறங்குச்சு. இல்லைங்கல. ஈரல் கெட்டுக் கெடக்கு, வேற மருந்து எதுவும் சாப்புடுறியான்னு மதுரையில டாக்டரம்மா மூணு தடவ கேட்டாகள்ல? அப்ப நீங்க எங்கன நின்னீக?

– பக்கத்துலதான்.

– பக்கத்துலதான் நின்னீக. ஒரு கசாயங்கூடக் குடிக்கலைன்னு, கூட வந்த சிநேகா தலையில அடிச்சு சத்தியம் பண்ணுனேன். ஒத்தப் புள்ள தலையில. அப்பவாச்சும் வாயத் தொறந்தீகளா?

– தொண்டை வரைக்கும் வந்துச்சு.

– அதோட முழுங்கிட்டீக. கீமோதான் ஈரல அரிக்குதுன்னு நெனச்சு, நாலாவது ஊசிய நிறுத்திட்டாக. இன்னும் மூணு ஊசி பாக்கி. போடலைன்னா கட்டி திரும்பி வரும்னு ஒங்களுக்கும் சேத்துத்தான சொன்னாக? மம்பட்டி பிடிக்கிற கையி என்னத்துக்கு டாக்டர் வேல பாக்குது?

– நல்லதுதான நெனச்சேன்.

– நல்லது நெனச்சா டிரம்முக்குள்ள ஏன் ஒளிக்கணும்? உள்ள இங்கிலீசுல ஒரு தாள் இருக்கே, என்னது இது?

– இந்தப் பொடியக் குடுத்த சீன வைத்தியரு எழுதுனது. இன்னின்ன வேர் சேந்திருக்கு, ஒங்க டாக்டர்ட்டக் காமிச்சு, அவுக சரின்னாத்தான் குடுக்கணும்னு.

– ஆக, தெரிஞ்சேதான் செஞ்சிருக்கீக.

– காமிச்சா வேணாம்னுருவாக. வேணாம்னா நீ எதத் தின்னு பொழைப்ப? பயந்துட்டேன் கோகிலா.

– நீங்க பயந்ததுக்கு நான் சாகணுமா? நாளைக்கு ஆர்.எஸ்.மங்கலத்துல மொத பஸ்ஸு ஏறுறோம். இந்தப் பொட்டலத்தையும் தாளையும் டாக்டரம்மா மேசையில வச்சு, ஒங்க வாயாலயே சொல்றீக.

– சொல்றேன்.

– நில்லுங்க. தமிழே எழுத்துக்கூட்டித்தான் வாசிப்பீக. இந்த இங்கிலீச யாரு வாசிச்சுச் சொன்னது?

– அத விடு.

– யாருன்னு கேக்குறேன்.

– நான்தாம்மா. அய்யாவ வையாத. நீ என் தலையில அடிச்சு இன்னையோட ஒம்பது நாளாச்சு, தெனமும் எண்ணிக்கிட்டுத்தான் இருக்கேன். எனக்கு இன்னும் ஒண்ணும் ஆகல.