சூளை காணாத பிள்ளை

பாரூர் ஏரி மண்ணைப் போல மண் இந்தச் சேலம் ஜில்லாவிலேயே கிடைக்காது, இன்ஸ்பெக்டர் ஐயா. வெயிலில் வெடிக்காது, சொன்ன பேச்சைக் கேட்கும். மாரியம்மனுக்கு நேர்ந்துகொள்ளும் மண் குழந்தைகளை நான் அதில்தான் செய்வேன்.

முதல் எலெக்ஷன் நடந்த வருஷம் என் மகள் சம்பங்கி ஏரிக் கால்வாயில் மூழ்கிப் போய்விட்டாள். அவளை மண்ணில் செய்தேன், உட்கார்ந்த வாக்கில். முன்பல் விழுந்த இடத்தைக்கூட விடவில்லை. சூளையில் வைக்கும் முன் சிலையின் வயிற்றை அறுத்து உள்மண்ணைக் குடைந்தெடுக்க வேண்டும், இல்லாவிட்டால் நெருப்பில் வெடித்துவிடும். கம்பியும் கையுமாக எத்தனையோ தரம் உட்கார்ந்தேன். பெற்ற பிள்ளையின் வயிற்றில் எவன் கம்பி வைப்பான்? சுடாமல் அப்படியே விட்டுவிட்டேன். அவள் பக்கத்தில் உட்கார்ந்துதான் தினமும் சாப்பிடுவேன்.

தீபாவளி காலையில் கறி வாங்கப் போய்த் திரும்பினேன். துவைக்கிற கல்லருகே என் மனைவி வெங்கடம்மாள் உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் எண்ணெய்க் கிண்ணம், சீயக்காய், வெந்நீர் அண்டா. கல்லின் மேல் சேறு.

"பச்ச மண்ணுன்னு தெரியாதாடி உனக்கு?"

"தெரியுங்க. நல்ல நாளும் அதுவுமா எம்புள்ள தல காஞ்சு கெடக்குது. பாத்துக்கிட்டு இருக்க முடியலீங்க."

எனக்குக் கோபம் வரவில்லை. இரண்டாம் முறையும் பிள்ளையைத் தண்ணீருக்குக் கொடுத்துவிட்டாளே என்றுதான் நினைத்தேன். இன்னொரு முறை நடக்கக் கூடாது, அவ்வளவுதான்.

"அழுவாத. புது மண்ணு எடுத்தாந்து மறுபடி செஞ்சிரலாம்" என்றேன்.

அவள் முகம் தெளிந்தது. "இந்தத் தடவ சிரிக்கிறாப்புல செய்யுங்க" என்றாள்.

அன்று ராத்திரியே நான் ஏரிக்கரை மண்குழிக்குப் போய், சுவரின் அடியைக் கடப்பாரையால் குடைந்து வைத்தேன். குடைவது எனக்குக் கைவந்த வேலை. மறுநாள் அவளைக் குழியில் இறக்கிவிட்டு மேலே நின்றேன். "இன்னும் உள்ள தள்ளி எடு" என்றேன். எடுத்தாள். கரையைக் காலால் ஓங்கி மிதித்தேன். பெரிய சத்தம்கூட இல்லை. மண்குழி சரிவது சகஜம்தானே, ஊரே வந்து தோண்டியெடுத்து அடக்கம் செய்தது.

அவள் மேல் விழுந்தது நல்ல மண். அதை அள்ளிவந்து சம்பங்கியைத் திரும்பச் செய்தேன், சிரிக்கிற முகமாகவே. இந்த முறை வயிற்றை அறுத்துக் குடைந்தேன். சூளையில் ஒரு கீறல் விழவில்லை. இனி எந்தத் தண்ணீரும் அவளை ஒன்றும் செய்யாது. எனக்கு வேறு வேலை இல்லை, அதனால்தான் நானாகவே ஸ்டேஷனுக்கு வந்தேன்.

அன்று பிள்ளையைக் கால்வாய்க்குக் கூட்டிப்போனது யார் என்று கேட்கிறீர்கள். நான்தான் ஐயா. மண் பதம் பார்க்கிற மும்முரத்தில் திரும்பிப் பார்க்கவில்லை. வெங்கடம்மாள் காய்ச்சலில் வீட்டில் படுத்துக் கிடந்தாள். காய்ச்சலாக இருந்தால் என்ன, பெற்றவள்தானே பிள்ளையைப் பார்த்துக்கொள்ள வேண்டும்?