கட் சொல்லும் வரை

நாற்காலி இருந்தால் கொடுங்க சார். மீசை முளைக்கும் முன்பே ஆம்பூர் டேனரியில் ஈரத்தோல் சுமந்த இடுப்பு. நின்றபடி பேசினால் வலி காலுக்கு இறங்கிவிடும்.

அந்த வேலையை விட்டு, ஷூட்டிங்குக்கு உள்ளூர் ஆள் பிடித்துக் கொடுக்க வந்தேன். இது யுத்தப் படம். ஆனால் துப்பாக்கியே கிடையாது. மகன் செத்த சேதி வீட்டுக்கு வருகிறது, தாய் கேட்கிறாள், அவ்வளவுதான் கதை. தாயாக நடிக்க மெட்ராஸிலிருந்து வந்த அம்மா நன்றாக அழுதார். அழகாகவும் அழுதார். எத்தனை முறை எடுத்தும் டைரக்டருக்குப் பிடிக்கவில்லை. “நிஜமா ஒரு மூஞ்சி இந்த ஊர்ல கிடைக்காதாய்யா?” என்று என் மேல்தான் எரிந்து விழுந்தார். எனக்கும் பேஜாராகிவிட்டது.

சவுரியம்மாள் எங்கள் தெரு. ஷூ கம்பெனியில் தையல். மகன் வசந்த் பட்டாளத்தில், எல்லையில். அவசரத்துக்கென்று கேம்பில் என் நம்பரைத்தான் கொடுத்திருந்தான். கூட்டத்தில் நிற்க வந்தவளை, சும்மா உட்கார்ந்தால் போதும் என்று சொல்லி வாசற்படியில் உட்காரவைத்தேன். இவளை வைத்து ஒன்று எடுத்துப் பாருங்கள் என்று டைரக்டரிடம் சொன்னேன். எல்லார் போனையும் வாங்கி வைப்பது என் வேலை. அவள் போனும் என் பையில்தான் இருந்தது. கேமரா ஓட ஆரம்பித்ததும் பக்கத்தில் போனேன்.

“அக்கா, கேம்ப்லேர்ந்து போன் வந்துச்சு. வசந்த் போய்ட்டான்.”

அவள் அழவில்லை.

“காலைல சாப்ட்டானாமா?”

யாரும் அசையக் கூடாது என்று டைரக்டர் கை காட்டினார். நான் சொன்னது அவர் காதில் விழவில்லை, அவரை விட்டுவிடுங்கள். கட் சொன்னதும் பொய்யென்று சொல்லிவிடத்தான் இருந்தேன். கட் வரவில்லை. அவள் வாய் ஒரு பக்கம் இழுத்தது. தலை கதவு நிலையில் சாய்ந்தது. டேனரியில் இப்படி விழுந்தவர்களைத் தூக்கியிருக்கிறேன், இன்னதென்று தெரியும். பேசாமல் நின்றேன். ஷாட் நன்றாகப் போய்க்கொண்டிருந்தது.

வேலூர் ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியில், பள்ளிகொண்டா தாண்டும்போது உயிர் போய்விட்டது.

அடக்கத்துக்கு வசந்த் வந்தான். “கடைசியா அம்மா இன்னாண்ணா பேசுச்சு?” என்று கேட்டான். உன்னைப் பற்றித்தான் விசாரித்தார்கள் என்றேன். அதில் பொய் இல்லை.

நான் கொல்லவில்லை சார். அவளுக்கு பிரஷர் முன்னமே இருந்தது. மாத்திரை வாங்கிக் கொடுப்பதே நான்தான். ஒன்று மட்டும் பாக்கி. வசந்த் உயிரோடு இருக்கிறான் என்று சவுரியம்மாளிடம் நான் இன்னும் சொல்லவில்லை.