மூன்று தடவை அணையும் விளக்கு

ஸ்ரீரங்கத்திலிருந்து மண்ணச்சநல்லூர் போகிற காலை பஸ்ஸில் ஜன்னலோர இடம் கிடைத்துவிட்டால், வேலைக்குப் போய்ச் சேர்வதற்குள் யார் வீட்டில் என்ன நடக்கிறது என்று தெரிந்துகொண்டுவிடலாம். நீங்கள் இந்தப் போலீஸ் ஸ்டேஷனுக்கு மாற்றலாகி வந்ததும், அது உங்கள் மாமியாருக்குப் பிடிக்காததும் எனக்கு அங்கே கிடைத்ததுதான், மேடம். தப்பாக நினைக்காதீர்கள். காது இருக்கிறது, கேட்கிறேன்.

முதலாளி அரவிந்தனை நான் தம்பி என்றுதான் கூப்பிடுவேன். அவருடைய அரிசி ஆலையில் நான் குடோன் சூப்பர்வைசர், அவர் அப்பா காலத்திலிருந்தே. தம்பி பெங்களூரில் படித்துவிட்டு வந்த வேகத்தில் ஒரு விருதின்மேல் ஆசை வைத்தார். எல்லாத் தரப்பினருக்கும் வேலை கொடுத்து மரியாதையாக நடத்தும் முதலாளிகளுக்கு வர்த்தகர் அமைப்பு ஒன்று தருகிற விருது. சிலருக்குச் சர்க்கரை வருவதுபோல் இவருக்கு அது வந்தது. வாசலில் சாய்தளம் போட்டார். சக்கர நாற்காலியில் வருகிறவர் ஆலையில் யாருமில்லை, மூட்டை வண்டிதான் அதில் ஏறி இறங்கியது. கழிப்பறைக் கதவில் புதுப் படங்கள் ஒட்டினார். தாழ்ப்பாள் உடைந்தது உடைந்தபடியே இருந்தது. பிறகு குடோன் வேலைக்கு யமுனாவைக் கொண்டுவந்தார்.

யமுனா மருங்காபுரிப் பக்கத்துப் பெண். சின்ன வயதில் காய்ச்சலில் காது போய்விட்டது. பேசுவாள், ஏற்ற இறக்கம் இல்லாமல். எதிராளியின் உதட்டைப் பார்த்தே பேச்சைப் புரிந்துகொள்வாள். நல்ல பெண்தான். நான் ஒன்றும் சொல்லவில்லை.

ஒருநாள் எடைமேடை அருகில் நின்று லோடுமேன் அடைக்கலத்திடம் சாதாரணமாகப் பேசிக்கொண்டிருந்தேன். "விருது கைக்கு வந்ததும் இந்த ஊமையத் துரத்திடுவாரு பாரு. அதுவரைக்கும் ஏன் தாங்குறாருன்னு எனக்குத் தெரியாதா?" அவ்வளவுதான், அதுவும் மெதுவாக. நெல் காய்கிற களத்தின் அந்தக் கோடியிலிருந்து அவள் நேரே நடந்து வந்தாள்.

"அக்கா, நான் ஊமை இல்ல, செவிடு. தம்பியப் பத்திச் சொன்னத அவர்கிட்டயே சொல்லிடுங்க. இல்லன்னா நான் சொல்றேன்."

அடைக்கலம் சிரித்தான். "சுபலட்சுமி அக்கா, இனிமே உங்க பேச்செல்லாம் பஸ்ஸோட நிறுத்திக்குங்க."

அவள் சொன்னாள். தம்பி கூப்பிட்டுக் கண்டித்தார். அன்றிலிருந்து ஆலையில் வாய் திறந்தால் முந்தானையால் மூடிக்கொண்டுதான் பேசினேன். ஊர்ப் பேச்சை வைத்தே இத்தனை வருஷம் மரியாதையாக இருந்தவள் நான். காது கேட்காத ஒருத்தி அதைப் பிடுங்கிக்கொண்டாள். முந்தானை மேலே போகும்போதெல்லாம் அவள் என்னைப் பார்த்துச் சிரித்துவிட்டுத் திரும்பிக்கொள்வாள். பேசிக்கொள்ளுங்கள் என்பதுபோல.

குடோன் வழக்கம் உங்களுக்குத் தெரியாது. வண்டுக்கு மருந்து வைக்கும்போது மூட்டை அடுக்குகளைத் தார்ப்பாயால் மூடி, அடியில் விஷப்புகை விடும் மாத்திரை வைத்து, ஷட்டரை இறக்கிச் சில நாள் திறக்கமாட்டோம். உள்ளே இருந்தால் உயிர் தங்காது. போகிறவர்கள் செருப்பையும் போனையும் வாசலில் விட்டுவிட்டுப் போக வேண்டும். வாசலில் செருப்பு இல்லையென்றால் உள்ளே ஆள் இல்லை. மூடுவதற்கு முன் சூப்பர்வைசர் மூன்று தடவை குரல் கொடுக்க வேண்டும். யமுனா வந்த பிறகு, வெளிச் சுவரில் இருக்கும் குடோன் விளக்கு ஸ்விட்சை மூன்று தடவை அணைத்துப் போட வேண்டும் என்று தம்பி சேர்த்தார். விருதுக் குழுவினர் வந்தபோது அதைத்தான் வாய் பிளந்து பார்த்தார்கள். என்னைத் திரும்பத் திரும்பப் போடச் சொல்லிப் படம் எடுத்தார்கள். ஒரு ஸ்விட்ச், மேடம். நம் வீட்டுக் குழந்தைகள் விளையாடுவது. அதற்குக் கண்ணாடியில் செய்த கேடயம்.

விழாவுக்கு முந்தின வாரம் தம்பி கூப்பிட்டார். "அக்கா, மேடையில யமுனாதான் வாங்கணும். அடுத்த மாசத்திலேர்ந்து குடோனையும் அவளே பாத்துக்கட்டும். நீங்க எடைமேடைக்கு வந்துடுங்க, நிழல்தானே." சரிங்க தம்பி என்றேன். நான் எப்போதும் ஒத்துழைக்கிறவள்.

சனிக்கிழமை மத்தியானம் மருந்து வைத்தோம். யமுனா கடைசி வரிசையில் தார்ப்பாய் ஓரத்துக்கு மணல்பை போட்டுக்கொண்டிருந்தாள். வாசலில் இருந்த அவள் செருப்பையும் போனையும் எடுத்து எடைமேடைக்குக் கீழே வைத்தேன். மழை வரும்போல இருந்தது. பிறகு வாசலில் நின்று குரல் கொடுத்தேன். அவள் நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். என் வாயில் முந்தானை இருந்தது. வழக்கம்போலச் சிரித்துவிட்டுத் திரும்பி வேலையைப் பார்த்தாள். விளக்குதான் இன்னும் அணையவில்லையே.

அடைக்கலம் முன்வரிசையில் மாத்திரையை வைத்துவிட்டு வேகமாக வெளியே வந்தான். "யமுனா வந்துடுச்சா? செருப்பக் காணோம்."

"அது அப்பவே போயிடுச்சுப்பா. இறக்கு."

கொஞ்ச நேரம் ஷட்டர் தட்டும் சத்தம் கேட்டது. எதிர்க் கொட்டகையில் அரிசி தீட்டுகிற பாலிஷர் ஓடிக்கொண்டிருந்தது. அந்தச் சத்தத்தில் எனக்கே சரியாகக் காது கேட்காது.

ஞாயிற்றுக்கிழமை கண்டோன்மெண்ட் ஹோட்டலில் விழா. அவளைத் தேடினார்கள். அவள் தங்கியிருந்த ஹாஸ்டலுக்கு ஒரு பையன் வந்து போவதாகக் கேள்வி என்று நான்தான் சொன்னேன். அதற்குமேல் ஒருவரும் தேடவில்லை. தம்பிக்கு நேரமாகிவிட்டது. பட்டுப்புடவையில் நான்தான் மேடையேறினேன். அந்த ஸ்விட்ச் படத்தைப் பெரிய திரையில் போட்டார்கள். என் கைதான் அதில் இருந்தது. எல்லாரும் எழுந்து நின்று கைதட்டினார்கள்.

புதன்கிழமை குடோனைத் திறந்தார்கள். மருங்காபுரியிலிருந்து அவள் அம்மா மயிலம்மாள் வந்தபோது நான்தான் தண்ணீர் கொடுத்தேன். அந்தக் கேடயத்தைப் பார்த்து, "இது எம்பொண்ணு வாங்கினதா?" என்று கேட்டாள். ஆமாம் என்றேன். மனசு கேட்கவில்லை.

நான் வேண்டுமென்றே செய்தேன் என்கிறீர்கள். எல்லாருக்கும் கொடுக்கிற குரலைத்தான் அவளுக்கும் கொடுத்தேன், ஒன்றும் குறைக்கவில்லை. விளக்கை நான் அணைக்கவே இல்லை என்று அடைக்கலம் எழுதிக் கொடுத்திருக்கிறானாம். அது பொய், மேடம். அணைத்தேன். ஷட்டர் இறங்கிய பிறகு, ஒரே தடவை. ஆள் இல்லாத இடத்தில் கரண்ட் எதற்கு.