வலைக்கயிற்றில் போனவர்களின் பெயர்கள்

மேடையிலிருக்கும் பங்குச் சுவாமி அவர்களே, கடற்றொழிலாளர் சங்கத்தாரே, வாசலுக்கு வெளியே நிற்கும் மலைநாட்டுச் சகோதரர்களே! முன்வரிசை வாங்குகளில் உட்கார ஆளில்லை. முதலில் உள்ளே வந்து இருங்கள். பிறகு பேசுகிறேன்.

நன்றி.

நம் கரைவலைக்குச் சொந்தக்காரரான சம்மாட்டியார், சங்கத் தலைவர் செபநாயகம் மறைந்துவிட்டார்! எண்பத்துமூன்றாம் ஆண்டுக் கலவரத்தில் மலைநாட்டுத் தேயிலைத் தோட்டங்களிலிருந்து துரத்தப்பட்டு வந்தவர்களுக்குக் கொட்டில் போட இடம் கொடுத்தவர் யார்? செபநாயகம். நம் பிள்ளைகள் பிரான்சுக்கும் கனடாவுக்கும் போய்விட, கரைவலை இழுக்க ஆளில்லாத நாளில் அவர்களைக் கயிற்றில் சேர்த்தவர் யார்? செபநாயகம். அவருடைய கல்லறை மண் காயுமுன்னே அவர்களை விலக்கும் பேச்சு சங்கத்தில் எழுந்திருக்கிறது. அதற்கு மறுமொழி சொல்லாமல் அவருக்கு இரங்கல் ஏது?

வலை இழுக்கும் கயிற்றில் ஊரின் ஒவ்வொரு குடும்பத்துக்கும் ஓரிடம். விடியுமுன் பெயர் கூப்பிடும்போது பதில் வராவிட்டால் அந்த இடம் போய்விடும். ஆகவே வெளிநாடு போன பிள்ளைகளின் பெயர்களுக்கு, மலைநாட்டிலிருந்து வந்தவர்களைப் பதில் சொல்ல வைத்தார்.

என் மகன் கனிசியஸின் இடத்தில் நின்றவரை, "என்ன கனிசியஸ், பாரிசிலை குளிரோ?" என்று பகிடி பண்ணுவார்கள். கரையில் பெயர் கூப்பிடுவது என் வீட்டுக்குக் கேட்கும். "கனிசியஸ்!" இருட்டுக்குள்ளிருந்து, "ஓம்!" ஊரில் இல்லாத பிள்ளைகள் எல்லோரும் பதில் சொன்னார்கள்! எத்தனை தாய்மார் கதவைத் திறந்து பார்த்தோம்?

போன மார்கழியில் ஒருநாள் கனிசியஸின் பெயருக்குப் பதில் வரவில்லை.

"என்னடா, நித்திரையோ?" என்றார் செபநாயகம்.

"இங்கதான் நிக்கிறேங்கய்யா. பக்கத்துல யாரோ நின்னு பதில் சொல்றாங்க. உங்களுக்குக் கேக்கலியா?"

ஒருவரும் சிரிக்கவில்லை. அந்த வாரம் முடியுமுன் பாரிசிலிருந்து செய்தி வந்தது. பதில் வராத அந்த விடியலுக்கு முதல்நாள் இரவு என் மகன் இறந்திருந்தான்.

செபநாயகம் அந்த மனிதரைக் கூட்டிக்கொண்டு என் வீட்டுக்கு வந்தார். "அக்கா, இவன்ரை பேர் பழனியாண்டி. இவ்வளவு காலமும் நாங்கள் ஒருதரும் கேக்கேல்லை. இனி எல்லாரையும் அவையவையின்ரை பேரிலைதான் கூப்பிடப்போறன்."

அப்படிக் கூப்பிடத் தொடங்குமுன் காய்ச்சல் செபநாயகத்தைக் கொண்டுபோய்விட்டது.

"பிள்ளையள் திரும்பி வந்தால் இடம் வேணுமே" என்கிறீர்கள், சங்கத்தாரே. யார் வருவார்கள்? எங்கள் குடும்பத்து இடத்தைப் பழனியாண்டிக்குக் கொடுத்துவிட்டேன். நாளை விடியலில் கரைக்கு வந்து நானே பெயர் கூப்பிடுவேன். கயிற்றில் நிற்பவரின் பெயரை மட்டும். மறுப்பவர்கள் கயிற்றைப் பிடித்து இழுத்துவிட்டு மறுக்கட்டும்.

தம்பி செபநாயகம், உம்மையும் கூப்பிடமாட்டோம். கூப்பிட்டால் என் மகனைப் போல நீரும் வந்து பதில் சொல்லுவீர். நீர் இளைப்பாற வேண்டும்.