கடைசி ஆளின் சுண்டுவிரல்

உங்கள் மின்விசிறியை மூன்றில் வைத்தால் கடகடவென்று சத்தம் போடுகிறது சார். இரண்டில் வையுங்கள், போதும். நான் சொல்லப்போவது கொஞ்சம் நீளமான கதை. நடுவில் சத்தம் இருந்தால் எனக்குக் கோர்வையாக வராது. தொழில் புத்தி, பொறுத்துக்கொள்ளுங்கள்.

'கடைசி ஆள்' படங்களில் நீங்கள் எத்தனையாவது பாகம் வரை பார்த்திருக்கிறீர்கள்? நான்கோடு நிறுத்திவிட்டேன் என்பீர்கள். கௌரவமான உத்தியோகத்தில் இருப்பவர்கள் எல்லோரும் நான்கோடு நிறுத்திவிட்டதாகத்தான் சொல்கிறார்கள். ஏழில் வில்லன் யார் என்று கேட்டால் மட்டும், "அந்த ஹெலிகாப்டர்காரன்தானே" என்று வாய் தவறி வந்துவிடும். பாருங்கள், அங்கே எழுதிக்கொண்டிருப்பவர் சிரிக்கிறார்.

அத்தனை பாகங்களுக்கும் கதை எழுதியவன் நான். நாயகனாக நடித்தவர் என் தங்கையின் கணவர். என் மேல் புகார் கொடுத்திருப்பவள் என் தங்கை. ஆக மொத்தம் இது குடும்பப் படம்.

என் மாப்பிள்ளை நடிகரே இல்லை. தையல் மெஷின் ரிப்பேர் பார்த்துக்கொண்டிருந்தவர். முதல் படத்தின் படப்பிடிப்புக்கு எனக்கு மதியச் சாப்பாடு கொண்டுவந்தார். நாயகனாகப் போட்டிருந்த பையன் மாடி விளிம்பில் நின்று கீழே எட்டிப் பார்த்தான். கீழே மெத்தைகள் அடுக்கியிருந்தன. இருந்தாலும், அம்மாவுக்கு உடம்பு சரியில்லை என்று சொல்லிக் கிளம்பிவிட்டான். டைரக்டர் தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டார். மாப்பிள்ளை கேரியரை என் கையில் கொடுத்து, "ஆறிடும் மச்சான், நீங்க சாப்பிட ஆரம்பிங்க" என்று சொல்லிவிட்டு, மேலே ஏறிப்போய்க் குதித்தார். நான் கை கழுவுவதற்குள் ஒரு நட்சத்திரம் பிறந்துவிட்டது.

அந்த முதல் படத்திலேயே நாயகன் செத்துப்போகிறான். அதை நான் தெளிவாகத்தான் எழுதியிருந்தேன். கட்டடம் எரிகிறது, அவன் உள்ளே இருக்கிறான், படம் முடிகிறது. இதற்கு மேல் ஒருவனை எப்படிச் சாகடிப்பது? ஆனால் படம் ஓடு ஓடென்று ஓடியது. தயாரிப்பாளர் என்னைக் கூப்பிட்டு, "செத்தவனை எழுப்ப முடியுமா?" என்று கேட்டார். முடியும் என்றேன். தண்ணீர்த் தொட்டிக்குள் இருந்தான் என்று இரண்டாம் பாகத்தில் எழுதினேன். மூன்றாம் பாகத்தில் குண்டு நெஞ்சில் பாயாமல் சட்டைப்பையில் இருந்த கடிகாரத்தில் பட்டது. நான்காம் பாகத்தில் உண்மையிலேயே மாட்டிக்கொண்டேன். செத்தது அவன் தம்பி என்று எழுதிவிட்டேன். அவனுக்கு எப்போது தம்பி பிறந்தான் என்று ஒருவரும் கேட்கவில்லை. ஜனங்கள் நல்லவர்கள் சார். நாம் காதில் பூ சுற்ற வந்தால் காதை வாகாகத் திருப்பிக் காட்டுவார்கள்.

ஐந்தாம் பாகத்தில்தான் சுண்டுவிரலைக் கண்டுபிடித்தேன். நாயகன் விழுந்து கிடக்கிறான். டாக்டர் வந்து பார்த்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றுகிறார். எல்லோரும் போய்விடுகிறார்கள். திரை மெல்ல இருட்டாகிறது. முழுக்க இருட்டாவதற்கு ஒரு கணம் முன்னால் அவனுடைய வலது கைச் சுண்டுவிரல் மட்டும் லேசாக அசைகிறது. தியேட்டரில் கூரை பிய்த்துக்கொண்டு போனது. அதற்குப் பிறகு ஒவ்வொரு பாகத்திலும் விரல் அசைவதைப் பார்க்காமல் ஒருத்தரும் இருக்கையை விட்டு எழுந்ததில்லை. வாசல் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு டிக்கெட் கிழிப்பவர்கூட அங்கேயே நின்று எட்டிப் பார்ப்பார்.

சண்டைக்குக் கிடைத்த கைதட்டல் மாப்பிள்ளைக்கு. ஆனால் விரலுக்குக் கிடைத்த கைதட்டல் எனக்கு. இதை நான் யாரிடமும் சொன்னதில்லை, உங்களிடம் சொல்கிறேன். வேறு கதையும் எழுதிப் பார்த்தேன். ஒரு கணவனும் மனைவியும் சமையலறையில் உட்கார்ந்து பேசிக்கொண்டே இருக்கிற கதை. தயாரிப்பாளர் பொறுமையாகப் படித்துவிட்டு, "எல்லாம் சரி, இதுல எப்போ குதிக்கிறாரு?" என்று கேட்டார். அதோடு அதை மூடி வைத்துவிட்டேன்.

இதற்கு நடுவில் மாப்பிள்ளைக்கு வயதாகிக்கொண்டிருந்தது. எட்டாம் பாகத்தின்போது கழுத்தைத் திருப்ப முடியாமல், யாராவது கூப்பிட்டால் உடம்போடு சேர்ந்து திரும்புவார். அதையும் ஸ்டைல் என்று நினைத்துப் பள்ளிக்கூடப் பிள்ளைகள் அப்படியே திரும்ப ஆரம்பித்தார்கள். வீட்டில் அவருக்குச் சட்டை மாட்டிவிடுவது என் தங்கைதான்.

ஒன்பதாம் பாகம் எழுதிக்கொண்டிருந்தபோது அவள் என் அறைக்கு வந்தாள். உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை. கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"அண்ணா, இந்தத் தடவை அவரைக் கொன்னுடு."

நான் சிரித்தேன். அவள் சிரிக்கவில்லை.

"நிஜமாத்தான் சொல்றேன். நல்லா சாகடிச்சுடு. தண்ணித்தொட்டி, தம்பி, விரல் எதுவும் வேண்டாம். எனக்கு அவர் வீட்ல இருக்கணும். அந்தப் பழைய மெஷினையெல்லாம் வாங்கிப் போட்டுக் குடைஞ்சிட்டு இருக்கட்டும். எனக்கு அது போதும்."

சரி என்றேன். மனதாரத்தான் சொன்னேன். கதையிலும் அப்படியே எழுதினேன். நாயகன் பாலத்திலிருந்து விழுகிறான், எழுந்திருக்கவில்லை. அந்தக் காட்சியை எடுத்தபோது டைரக்டர் கட் சொன்ன பிறகும் மாப்பிள்ளை அப்படியே கிடந்தார். பதறிப்போய் ஓடினால், மனுஷன் குறட்டை விட்டுத் தூங்கிக்கொண்டிருந்தார். அவ்வளவு நிம்மதி. மறுவாரமே கார் நிறுத்தும் இடத்தைக் காலி செய்து, ஓடாத தையல் மெஷின்களை வாங்கி வரிசையாக வைத்துவிட்டார். நான் போனபோது கையெல்லாம் எண்ணெயாக உட்கார்ந்திருந்தார். "மச்சான், இதுக்கு ஒரு ஸ்பிரிங் மாத்தினா போதும், இன்னும் முப்பது வருஷம் ஓடும்" என்றார். பார்க்க எனக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது.

ஆனால் அந்தப் படத்தைத் தொகுத்து முடித்துப் போட்டுக் காட்டினார்கள் சார். திரை இருட்டானது. ஒன்றும் அசையவில்லை. விளக்கைப் போட்டார்கள். எல்லோரும் பேசாமல் செருப்பைத் தேடினார்கள். என் வாழ்க்கையில் அப்படி ஒரு அமைதியை நான் கேட்டதில்லை.

தயாரிப்பாளரிடம் ஒரு யோசனை சொன்னேன். அவர் நேராகக் கேமராமேனுக்குப் போன் போட்டார். மாப்பிள்ளையைக் கூப்பிட முடியாது. அதனால் அவருடைய கோட்டை மாட்டிக்கொண்டு, ஸ்டூடியோ தரையில் நானே படுத்தேன். வலது கையை மட்டும் எடுத்தார்கள். அசைத்தேன். முதல் டேக்கிலேயே ஓகே.

படம் வெளியான அன்று என் தங்கை என் பக்கத்து இருக்கையில் உட்கார்ந்திருந்தாள். நாயகன் விழுந்தான். அவள் என் தோளைத் தட்டிக்கொடுத்தாள். திரை இருட்டாகத் தொடங்கியது. விரல் அசைந்தது. தியேட்டரே எழுந்து குதித்தது, அவள் மட்டும் உட்கார்ந்திருந்தாள். பிறகு திரும்பி, இருக்கையின் கைப்பிடியில் இருந்த என் கையைப் பார்த்தாள். என் சுண்டுவிரல் நகம் கோணல். சின்ன வயதில் விளையாட்டுக்குக் கதவைச் சாத்தி நசுக்கியவள் அவள்தான். நசுக்கிவிட்டு என்னைவிட அதிகமாக அழுததும் அவள்தான். அவளுக்குத் தெரியாத விரலா அது? நான் கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டேன்.

பிறகு நடந்தது நீங்கள் எதிர்பார்ப்பதுதான். தங்கை வீட்டு வாசலில் கூட்டம். பால்காரர்கூட, "பத்து எப்போ சார்?" என்று கேட்டுவிட்டுத்தான் பாக்கெட்டைக் கொடுத்தாராம். மாப்பிள்ளை என்னிடம் கோபப்படவே இல்லை. அதுதான் அவரிடம் உள்ள கஷ்டம். ஸ்குரூடிரைவரைத் துடைத்துக்கொண்டே, "விரல் உங்களுதாமே மச்சான். அப்போ பத்துல நீங்களே குதிச்சிடுங்களேன்" என்றார். நன்றாகச் சிரித்தோம். நான் விடவில்லை. ஒரே ஒரு குதி, அதுவும் மேசை உயரம்தான் என்றேன். நீங்கள் இல்லாவிட்டால் யூனிட்டில் எத்தனை குடும்பம் அடுப்பை அணைக்க வேண்டியிருக்கும் என்றும் சொன்னேன். நல்ல மனிதர்களிடம் அடுத்தவர் அடுப்பைப் பற்றிப் பேசினால் போதும். கடைசியில், "சரி, டாக்டர் கழுத்தைப் பார்த்துட்டு குதிக்கலாம்னு சொன்னா வரேன். இல்லேன்னா என்னை விட்டுடணும்" என்றார். நியாயமான பேச்சு. ஸ்கேன் எடுக்க நான்தான் கூட்டிக்கொண்டு போனேன். டாக்டர் சரி என்று சொன்ன விஷயம் எல்லோருக்கும் தெரியும். என் தங்கை அவருடைய பையை எடுத்து வைத்தாள்.

படப்பிடிப்பில் எல்லாம் ஒழுங்காகத்தான் இருந்தது. மெத்தை புதியது. மாப்பிள்ளை மேலே நின்று, "மச்சான், சாப்பாடு ஆறிடும்" என்று என்னைப் பார்த்துக் கத்தினார். யூனிட்டே சிரித்தது. குதித்தார். விழுந்த இடத்திலேயே கிடந்தார். கட் என்றதும் எல்லோரும் கைதட்டினார்கள். போன தடவை தூங்கிய கதை எல்லோருக்கும் தெரியும் அல்லவா, அதே விளையாட்டு என்று நினைத்துவிட்டார்கள். கொஞ்ச நேரம் கழித்து ஸ்டண்ட் மாஸ்டர் முகம் மாறி ஓடினார். நான்தான் அவர் கையைப் பிடித்து நிறுத்தினேன். "யாரும் தொடாதீங்க, கொஞ்சம் இருங்க" என்றேன். எவ்வளவு நேரம் என்று அவர் உங்களிடம் ஒரு கணக்குச் சொல்லியிருப்பார். எனக்கு அவ்வளவு நேரமாகத் தெரியவில்லை. நான் மாப்பிள்ளையின் வலது கையைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு போனோம். ஸ்கேன் பார்த்த அதே டாக்டர்தான் வந்தார். என் தங்கையிடம் ஏதோ சொன்னார். அவள் என்னிடம் நடந்து வந்தாள்.

"டாக்டர் உன்கிட்ட அன்னிக்கே சொன்னாராமே, அண்ணா."



சொன்னார் சார். அதை மறைக்க நான் இங்கே வரவில்லை. ஸ்கேன் எடுத்த அன்று மாப்பிள்ளை உள்ளே சட்டை மாட்டிக்கொண்டிருந்தார். டாக்டர் வராந்தாவுக்கு வந்து, நோயாளியின் உறவா என்று கேட்டார். கழுத்து எலும்பு தேய்ந்து நரம்பைத் தொட்டுக்கொண்டிருக்கிறது, படியில் தடுக்கி விழுந்தாலே ஆபத்து, இனி ஒரு குதி குதித்தால் ஆள் எழுந்திருக்க மாட்டார் என்றார். சொல்லிவிட்டு என்ன செய்தார் தெரியுமா? கண்ணாடியைக் கழற்றினார். எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. அந்தக் காட்சியை நான் எத்தனை முறை எழுதியிருப்பேன். என் படங்களில் கண்ணாடியைக் கழற்றிய டாக்டர் ஒருவர் சொன்னதுகூட இதுவரை பலித்ததில்லை. "நானே பக்குவமா சொல்லிக்கிறேன் டாக்டர்" என்றேன். மாப்பிள்ளை பொத்தானைப் போட்டுக்கொண்டே வெளியே வந்து என் முகத்தைப் பார்த்தார். "கல்லு மாதிரி இருக்காம் மாப்ள, தாராளமா குதிக்கலாமாம்" என்றேன். அவர் முகத்தில் ஒரு சின்ன ஏமாற்றம் தெரிந்தது. அதையும் பார்த்தேன். இதுதான் நான் செய்தது. வேறு யாருக்கும் இதில் பங்கில்லை என்று எழுதிக்கொள்ளுங்கள்.

அவரைக் கொன்றுவிட்டேன் என்று என் தங்கை எழுதிக் கொடுத்திருக்கிறாள். பாவம், துக்கத்தில் இருக்கிறாள். ஒன்பது முறை அவரைக் காப்பாற்றியவன் நான். அதை அவள் யோசித்துப் பார்க்க வேண்டும்.

அவரை வீட்டு ஹாலில் கிடத்தியிருந்தபோது வந்தவர்கள் எல்லோரும் முகத்தைப் பார்த்தார்கள். நான் மட்டும் வலது பக்கம் ஒதுங்கி நின்று கையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். தூக்க வந்தபோது, இன்னும் கொஞ்சம் பொறுக்கலாமே என்று சொன்னேன். அதற்குத்தான் என்னை வெளியே தள்ளிக் கதவைச் சாத்தினார்கள். சாத்தியது அவள்தான். இந்தத் தடவை என் விரல் இடுக்கில் மாட்டவில்லை. அவள் எப்போதும் அவசரக்காரி சார். முழுக்க இருட்டாகும்வரை காத்திருக்க வேண்டும். அது கடைசியில்தான் அசையும்.